பழைய மீன்சட்டியில் கடற்கரைத் தோட்டம்: சக்குலன்ட் செடிகளை வைத்துச் செய்வது எப்படி?

மாசி பாதி தாண்டிவிட்டால், கன்னியாகுமரி மாவட்டத்தில் தொட்டி வேலைக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் காய்ந்திருக்கும், வெயிலும் இன்னும் கடுமை காட்டியிருக்காது. இப்போது நட்டால் சித்திரை விஷுவுக்கு வாசலில் வைக்கிற அளவுக்குச் செடி வேர் பிடித்துவிடும், ஜூனில் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, இறங்குவதற்குள் திடமாகவும் ஆகிவிடும். சக்குலன்ட் என்பது இலையிலோ தண்டிலோ தண்ணீரைச் சேமித்து வைக்கும் சதைப்பற்றுள்ள செடி, நம் வீட்டுக் கற்றாழையும் பிரண்டையும் அந்த வகைதான்.

தொடங்கும் முன் ஒன்று. கடற்கரை மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகக் கடற்கரையையே அள்ளிக்கொண்டு வராதீர்கள். கடல் மணலில் உப்பு இருக்கிறது, உப்பு வேரிலிருந்து தண்ணீரை வெளியே இழுத்துவிடும். அதோடு அந்த நைஸ் மணல் ஈரம் பட்டால் இறுகிப்போய் வேருக்குக் காற்றே போகாது. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் பார்க்க அழகுதான், ஆனால் அதில் தோரியம் உள்ள மோனசைட் கலந்திருக்கிறது, வீட்டுக்குள் வைக்கிற பொருள் இல்லை. மணல்மேட்டில் ஊதாப் பூ பூக்கிற அடப்பங்கொடியையும் விட்டுவிடுங்கள், அந்த மணலைக் காற்று கொண்டுபோகாமல் பிடித்து வைத்திருப்பதே அதுதான். கடலின் நிறமும் வடிவமும் போதும், அதற்கு வேண்டியதெல்லாம் அடுக்களையிலும் நர்சரியிலும் கிடைக்கும்.

சட்டி

ஓரம் உடைந்தோ கீறல் விட்டோ ஒதுக்கி வைத்த மீன்சட்டி இருந்தால் அதை எடுங்கள். அகலமாக, ஆழம் குறைவாக இருக்கும், சக்குலன்ட் வேருக்கு அதுவே பொருத்தம். சுட்ட மண் என்பதால் பக்கவாட்டிலும் ஈரம் உலரும். பல வருடக் குழம்பின் எண்ணெயும் உப்பும் உள்ளே ஊறியிருக்கும் என்பதால் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு அழுத்தித் தேய்த்து, இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, இடையில் தண்ணீரை மாற்றுங்கள்.

அடியில் ஓட்டை கட்டாயம். ஊறிய சட்டியை மணல் மூட்டையின்மேல் கவிழ்த்து, சுவர் துளைக்கும் பிட்டைப் போட்டு, டிரில்லை மெதுவாக ஓடவிட்டு, நடுநடுவே தண்ணீர் சொட்டவிட்டுக்கொண்டே துளையுங்கள். முதலில் 6 மில்லிமீட்டர், பிறகு அதையே 10 அல்லது 12 ஆகப் பெரிதாக்குங்கள். 30 சென்டிமீட்டர் அகலச் சட்டிக்கு மூன்று ஓட்டை போதும். டிரில் மெஷின் வீட்டில் இல்லையென்றால் பக்கத்தில் யாராவது எலக்ட்ரீசியனிடம் கொடுத்தால் இரண்டு நிமிட வேலை.

வெளிப்புறத்துக்கு எனாமல் பெயின்ட் வேண்டாம், அது மண் சட்டியின் துளைகளை அடைத்துவிடும். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீராகக் கரைத்து, கொஞ்சம் ஃபெவிக்காலும், வெள்ளையடிக்கும்போது சேர்க்கிற நீலப் பொடியில் ஒரு சிட்டிகையும் கலந்து, மெல்லிசாக இரண்டு தடவை பூசுங்கள். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் கலங்கலாகத் தெரியும், காய்ந்ததும் வெளிறிய கடல் நீலம் வந்து நிற்கும். அங்கங்கே செம்மண் நிறம் எட்டிப் பார்த்தால் விட்டுவிடுங்கள், உப்புக்காற்றில் பழசான சுவர் போலத் தெரிவது அதனால்தான். கழுத்தில் ஈத்தாமொழிப் பக்கம் திரிக்கிற கயிற்றை நாலைந்து சுற்றுச் சுற்றினால் சட்டி முடிந்தது. அடிப்பாகத்தில் சுற்ற வேண்டாம், ஈரத்தில் அழுகும்.

மண் கலவை

செம்மண் ஒரு பங்கு, சிறு சல்லியும் உடைத்த செங்கல் துண்டும் சேர்ந்து இரண்டு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, தேங்காய் நார்த்தூள் அரைப் பங்கு. சல்லி, செங்கல் எல்லாம் 3 முதல் 6 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும், மாவு சல்லடையில் சலித்து மேலே தங்குவதை மட்டும் எடுங்கள். நார்த்தூளில் பெரும்பாலும் உப்பு இருக்கும், மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டிருந்தால் இன்னும் அதிகம். அதனால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே சேருங்கள்.

கலந்ததும் சட்டியில் நிரப்பி ஒரு கப் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஊற்றியவுடனே உள்ளே இறங்கி அடியில் வடியத் தொடங்க வேண்டும். மேலே குளம் கட்டி நின்றால் இன்னும் சல்லி சேருங்கள். மண் நிரப்பும் முன் ஓட்டையின்மேல் பழைய வலைத்துண்டு ஒன்று போட்டால் போதும். அடியில் கல் அடுக்கினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மையில் தண்ணீர் கல்லுக்குள் எளிதில் இறங்காமல் அதற்கு மேலுள்ள மண்ணிலேயே தங்கி, ஈரமான பகுதி வேருக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

எந்தச் செடி?

ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இருக்கும் எக்கிவேரியாவைப் பார்த்ததும் கை அதற்குத்தான் போகும். அதன் சொந்த ஊர் பெரும்பாலும் மெக்சிகோவின் மலைப்பகுதி, இரவு குளிர்ந்தால்தான் அதற்கு நிம்மதி. சக்குலன்ட்களில் பல இரவில்தான் இலைத்துளையைத் திறக்கும், குளச்சல், முட்டம் பக்கத்துப் புழுக்கமான இரவு எக்கிவேரியாவுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆரம்பத்திலேயே அதை வாங்கி வாடவிட்டால் தோட்ட ஆசையே போய்விடும், அதனால் இப்போதைக்கு வேண்டாம். அதே வடிவத்தில் கோஸ்ட் பிளான்ட் கிடைக்கும், சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம், நம் சூட்டை அதைவிட நன்றாகத் தாங்கும்.

உயரத்துக்கு ஒன்று வையுங்கள், கொம்புக்கள்ளி அல்லது ஸ்நேக் பிளான்ட். கொம்புக்கள்ளியின் கிளைகள் பவளம் மாதிரி விரிந்து நிற்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து, கையுறை போடுங்கள், சின்னப் பிள்ளைகளும் ஆடுமாடும் இருக்கிற வீட்டில் ஸ்நேக் பிளான்டே இருக்கட்டும். நடுவில் வெள்ளை வரி போட்ட ஹவொர்த்தியா, விரல் விரலாக நிற்கும் ஃபிங்கர் ஜேட், கோஸ்ட் பிளான்ட். ஓரத்தில் வழிய பத்துமணிப்பூ. வசந்தத்தின் நிறம் அதிலிருந்துதான் வரும், அதிலும் ஊதாவும் மஞ்சளும் நீலச் சட்டிமேல் நன்றாக எடுக்கும். 30 சென்டிமீட்டர் சட்டிக்கு ஐந்தாறு செடிக்கு மேல் வேண்டாம்.

நடுவதும் அலங்கரிப்பதும்

நர்சரிப் பையிலிருந்து எடுத்ததும் பழைய மண்ணை உதிர்த்துவிட்டு, வேர் அறுந்திருந்தால் இரண்டு நாள் நிழலில் காயவிட்டு நடுங்கள். உயரச் செடியை நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கி, அங்கிருந்து எதிர் ஓரம்வரை அலை வளைவது போல மற்றவற்றை நட்டுக்கொண்டே வாருங்கள். மூன்றில் ஒரு பங்கு இடம் செடியில்லாமல் இருக்க வேண்டும். அந்த வெற்றிடம்தான் கரை, அதை நிரப்பிவிட்டால் மொத்தமும் வெறும் செடிக்கூட்டமாகத்தான் தெரியும்.

அந்தக் கரையில் பருமணலோ வெள்ளைச் சல்லியோ ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, மேலே சிப்பி ஓடு வையுங்கள். சிப்பிக்கறி வைக்கிற அன்றைக்கு ஓட்டைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைத்தாலே போதும், வெளியே பழுப்பும் கறுப்பும், உள்ளே மினுமினுப்பும், இதைவிட அழகானதை விலைக்கு வாங்க முடியாது. ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு, அலசி, வாடை போகும்வரை வெயிலில் காயவையுங்கள். வைக்கும்போது எல்லாவற்றையும் மல்லாத்தாமல் சிலவற்றைக் குப்புறவும் சிலவற்றைப் பாதி புதைத்தும் வையுங்கள், ஆனால் செடியின் கழுத்தை ஒட்டி வேண்டாம், அங்கே ஈரம் தங்கும். குமரிக் கடைகளில் சங்கு வாங்குவதானால் கேட்டு வாங்குங்கள். பவளத்துண்டும் கடல் விசிறியும் சில சங்கு வகைகளும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை, அவற்றைத் தொடவே வேண்டாம். ஒதுங்கிய கட்டை கிடைத்தால் ஒரு வாரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பெடுத்த பிறகு ஒன்று வைக்கலாம். பழைய வலைத்துண்டைச் சட்டிக்கு வெளியே, கயிற்றோடு சேர்த்துச் சொருகுங்கள், உள்ளே போட்டால் செடி சிக்கிக்கொள்ளும்.

தண்ணீரும் இடமும்

நட்டு நாலைந்து நாள் தண்ணீரே வேண்டாம். அப்புறம் ஒரு ஈர்க்கிலை மண்ணுக்குள் அடிவரை குத்தி எடுத்துப் பாருங்கள், மண் ஒட்டாமல் காய்ந்து வந்தால் மட்டும் அடியில் வடியும்வரை ஊற்றுங்கள். பங்குனி வெயிலில் இது வாரம் ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறை என்று வரும். கிழக்கு வெயில் 10, 11 மணிவரை படுகிற சிட் அவுட் நல்ல இடம், மேற்குச் சுவரோரம் வேண்டாம். நர்சரி நிழலில் இருந்த செடியை நேராக வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும், தினம் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். கடலை ஒட்டிய வீடு என்றால் இலையில் உப்புப் படியும், தண்ணீர் விடுகிற நாளில் காலையிலேயே மேலாகக் கழுவிவிடலாம்.

இலையிடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் மாவுப்பூச்சி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். ஜூனில் மழை தொடங்கியதும் சட்டியைக் கூரைக்குக் கீழே, நேர்க்காற்று அடிக்காத மூலைக்கு மாற்றி, அடியில் இரண்டு ஓட்டுத்துண்டு கொடுத்துத் தூக்கி வையுங்கள். ஈர்க்கிலில் மண் ஒட்டுகிறவரை, எத்தனை வாரமானாலும், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.