கண்ணாடியில் ஒட்டிப்போன ரங்கூன் படத்தைக் காப்பது எப்படி

செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும், நடுமுற்றத்தைச் சுற்றிய வளவிலும் முன்சாய்ந்து தொங்கும் படங்களில் ஒன்றாவது கடல் கடந்து வந்ததாக இருக்கும். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போன ஐயா (தாத்தா) ரங்கூனிலோ பினாங்கிலோ ஸ்டூடியோத் திரைக்கு முன் நின்று எடுத்தனுப்பிய படம் அது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்யும் அவசரத்தில்தான் பலரும் முகத்தைக் கிழித்துவிடுகிறார்கள்.

இரண்டு பேராக, அடியில் கை கொடுத்து இறக்குங்கள். கம்பி துருப்பிடித்திருக்கும். நாலாக மடித்த வேட்டியில் முகம் கீழாக வைத்து, பின்பக்க ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாக இழுங்கள். சுத்தியல் வேண்டாம், அதிர்ச்சியில் கண்ணாடி விரியும். பலகையை எடுத்ததும் படத்தைத் தூக்காமல், சட்டத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். ஈரம் பட்டதுபோல் கருத்து மினுங்கும் இடங்களில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அது ஊறிப் பிசுபிசுத்து, பிறகு காய்ந்து கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பிளேடு, ஹேர் டிரையர், ஆவி, தண்ணீர் எதையும் கிட்டே கொண்டுபோகக் கூடாது. கையால் வண்ணம் தீட்டிய படமாக இருந்தால் தண்ணீர் பட்ட இடத்தில் சாயமும் கரையலாம். ஒட்டியது ஒட்டியபடியே இருக்கட்டும். கண்ணாடியோடு சேர்த்தே படியெடுக்கலாம்.

அதற்கு நேர் வெயில் படாத வளவுத் தாழ்வாரம் போதும். கேமராவைப் படத்துக்கு இணையாக நிறுத்தி, லென்ஸ் அளவு துளையிட்ட கறுப்புத் துணியை அதன் முன் பிடித்தால் கண்ணாடியில் நிழலாடாது. ஃபிளாஷ் கூடாது. ஒட்டாத படமென்றால் ஸ்கேனரில் வையுங்கள். தபால் அட்டை அளவுக்கு 600 டிபிஐ, அதைவிடச் சிறியதற்கு 1200. கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரில் எடுத்து டிஃப் கோப்பாகச் சேமியுங்கள்.

இனி ஆட்கள். படியை ஏ4 தாளில் அச்சிட்டு ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு, அப்பத்தாவிடமோ ஆயாவிடமோ காலையில் அரை மணி நேரம் உட்காருங்கள். "இது பெரிய ஐயாதானே?" என்று நீங்களே பெயரை எடுத்துக்கொடுக்காதீர்கள். "இது யாரு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள், பேச்சைப் போனில் பதிவு செய்யுங்கள். நகரத்தார் வீடுகளில் பேரனுக்கு ஐயா பெயர் வைப்பதால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்ப வரும். "முத்தையா" என்று மட்டும் எழுதினால் ஐம்பது வருடம் கழித்து யாருக்கும் பயனில்லை. விலாசம் (குடும்பத்தின் முதலெழுத்துகள்), ஊர், குடும்பம் சேர்ந்த நகரக் கோயில் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். பெண்களுக்குப் பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் எழுதுங்கள். கிட்டங்கியில், அதாவது கடல் கடந்த ஊரில் கடை வைத்துத் தங்கிய கட்டடத்தில் எடுத்த படத்தில் இருப்பவர்கள் எல்லாரும் பங்காளிகள் அல்ல. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடையில் வேலை பார்த்தவர்கள், சமையற்காரர் என்று பலர் நிற்பார்கள். அவர்கள் பெயரும் அந்தத் தாளில் ஏற வேண்டும். இன்னொரு வீட்டில் அவர்களைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

ஆண்டு தெரியாவிட்டால் படம் ஒட்டியிருக்கும் அட்டையின் அடியில் ஸ்டூடியோ முத்திரையைப் பாருங்கள். அட்டையை வெட்டிவிடாதீர்கள். ரங்கூன் 1942 மார்ச்சில் ஜப்பானியர் கைக்குப் போனது. அந்த ஊர் முத்திரையுள்ள படங்கள் பெரும்பாலும் அதற்கு முந்தியவை. பின்னணியில் சென்னைக்கும் பினாங்குக்கும் ஓடிய ரஜுலா கப்பல் தெரிந்தால் 1926க்குப் பிந்தியது, அந்த ஆண்டில்தான் கப்பலே கட்டப்பட்டது. படத்தின் பின்பக்கம் எழுதுவதானால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் மட்டும் எழுதுங்கள். பால்பாயிண்ட் அழுத்தம் முன்பக்கம் புடைக்கும்.

ஒட்டாத படத்தைத் திரும்பச் சட்டமிடும்போது கண்ணாடிக்கும் அதற்கும் இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி வர, அமிலமில்லாத அட்டையில் ஜன்னல் வெட்டி வையுங்கள். செலோடேப், ஃபெவிகால் வேண்டாம், காகித மூலைகள் போதும். வெளிச்சுவரைத் தவிர்த்து உள்சுவரில் மாட்டி, சட்டத்தின் கீழ் மூலைகளுக்குப் பின்னால் கார்க் துண்டு வைத்தால் காற்று போகும். கண்ணாடியைத் துடைக்கும்போது துணியில் ஈரம் தொட்டுத் துடையுங்கள். மேலே தெளித்தால் கீழ்விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். முன்னோருக்குப் படையலிடும் படைப்பன்று போடும் பூமாலையின் ஈரமும் அப்படித்தான் இறங்கும். மாலையைப் படியின் மேல் போட்டு, மூலப்படத்தை உள்ளறைப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.