ஃபாயில் பம்ப்பிங்: எந்தத் தொடை எரிகிறது என்று பாருங்கள்

ஃபாயில் பலகையை (அடியில் நீருக்குள் இறக்கை பொருத்திய சறுக்குப் பலகை) பம்ப் செய்யும்போது, அதாவது கால்களால் மாறி மாறி அழுத்தி உந்தும்போது, முன்கால் தொடை முதலில் எரிந்தால் மாஸ்ட்டை (பலகையையும் இறக்கையையும் இணைக்கும் தண்டு) 1 செ.மீ. பின்னுக்குத் தள்ளுங்கள், பின்கால் எரிந்தால் 1 செ.மீ. முன்னுக்கு. ஒருமுறைக்கு அவ்வளவுதான், 3 செ.மீ. தாவினால் எது உதவியது என்றே தெரியாது. தூக்குவிசை இரு பாதங்களுக்கும் நடுவே அமையாவிட்டால், ஒரு கால் பலகை மூக்கை அடக்குவதிலேயோ தூக்கிப்பிடிப்பதிலேயோ களைத்துவிடும். உந்தித் தள்ள வலு மிஞ்சாது. போல்ட்டை முறுக்கியதும் பாக்ஸ் (பலகையின் அடியில் மாஸ்ட்டைப் பொருத்தும் பள்ளம்) ஓரத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். பாதங்கள் தோள் அகலத்துக்கு மேல் விரிய வேண்டாம், விரிந்தால் முழங்கால் சரியாக மடங்காது.

பெரிய அலையின் வேகத்தில் இந்தச் சோதனை பொய் சொல்லும்: வேகம் கூடினால் தூக்குவிசையும் கூடி, முன்கால் எப்படியும் எரியும். முன் இறக்கையையோ வால் இறக்கையையோ மாற்றினால் பழைய கோடு செல்லாது.