எந்த எண்ணெய் என்று கேட்கும் முன்: எடை குறைப்பவர்கள் சமையலறையில் செய்யும் தவறுகள்

எடை குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்த வீட்டில் முதலில் மாறுவது எண்ணெய்தான். அதுவரை வாங்கிவந்த ரீஃபைண்ட் எண்ணெயை நிறுத்திவிட்டு மரச்செக்கு எண்ணெய்க்குப் போகிறார்கள். கொஞ்சம் வசதி இருந்தால் ஆலிவ் எண்ணெய். இரண்டு மூன்று மாதம் கழித்து எடை பார்த்தால் முள் அதே இடத்தில் நிற்கிறது. மனம் நொந்துபோய், "என் உடல்வாகே இப்படித்தான்" என்று கைவிட்டுவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அவர்களுடைய முயற்சியில் குறை எதுவும் இல்லை. எந்த எண்ணெய் என்று விசாரித்தவர்கள், எவ்வளவு எண்ணெய் என்று விசாரிக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டும் வேறு வேறு கேள்விகள். எண்ணெயின் வகை பெரும்பாலும் இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் பாதிப்பது. எண்ணெயின் அளவு உடல் எடையைப் பாதிப்பது. ஒன்றுக்கான விடையை மற்றொன்றுக்குப் போட்டால் கணக்கு உதைக்கும்.

நல்ல எண்ணெயில் கலோரி குறைவு என்று நம்புவது

கொழுப்பு எதுவானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4 கலோரிதான். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், ஆலிவ் எண்ணெய் என எதை எடுத்தாலும் ஒரு மேசைக்கரண்டியில், அதாவது 15 மில்லியில், சுமார் 120 கலோரி இருக்கிறது. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் இந்த எண் மாறாது. நெய்யும் கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பே. வெண்ணெயில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் இருப்பதால் கொழுப்பு 80 சதவீதம் அளவில் நிற்கிறது.

செக்கு எண்ணெய்க்கு எதிராக இதைச் சொல்லவில்லை. கருப்பட்டி சேர்த்து ஆட்டிய நல்லெண்ணெயின் மணத்துக்கு ஈடு கிடையாது. எள்ளில் இயற்கையாக உள்ள செசமின் போன்ற பொருள்கள் எண்ணெய் சீக்கிரம் சிக்கு அடிக்காமல் காக்கவும் செய்கின்றன. ஆனால் "செக்கு எண்ணெய்தானே, உடம்புக்கு நல்லது" என்று ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினால், அந்த ஒரு கரண்டி அரை மணி நேர நடையை விழுங்கிவிடும். கடலை எண்ணெயைச் செக்கில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பூஞ்சை பிடித்த கடலையில் உருவாகும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு, சுத்திகரிக்காத எண்ணெயில் தங்கிவிடக்கூடும். சொத்தைக் கடலையைப் பொறுக்கி எறிந்துவிட்டு ஆட்டுகிற இடமாகப் பார்த்து வாங்குங்கள்.

கண்ணளவில் ஊற்றுவது

எல்லாத் தவறுகளுக்கும் வேர் இதுதான். உப்பை அளந்து போடுகிற கை, எண்ணெயைத் தூக்கிலிருந்து அப்படியே சாய்த்துவிடுகிறது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி உணவுக்கு நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெயும் நெய்யும் என்று கணக்குச் சொல்கிறது. ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. காலை தோசை, மதியம் தாளிப்பு, பொரியல், மோரில் விடும் தாளிதம், இரவு சப்பாத்தி, சாதத்தில் நெய் எல்லாம் இந்த ஆறுக்குள் அடங்க வேண்டும். எடை குறைப்பவர் 1,500 கலோரியில் நிற்க விரும்பினால் நான்கு தேக்கரண்டி போதும்.

நான்கு தோசை சாப்பிடுகிறவரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தோசைக்கும் சுற்றிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெய். தொட்டுக்கொள்ள மிளகாய்ப் பொடி, அதில் குழைக்க இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய். காலை ஒன்பது மணிக்கே அன்றைய ஆறும் தீர்ந்துவிட்டது. சுமார் 240 கலோரி எண்ணெயாக மட்டும் உள்ளே போயிருக்கிறது. தோசையின் கலோரி தனி.

அளவைக் கட்டுப்படுத்த ஒவ்வொரு முறையும் கரண்டி தேட வேண்டியதில்லை. மாதக் கணக்கு வைத்துக்கொள்வது எளிது. ஒரு லிட்டர் பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள்; எடை சுமார் 910 கிராம் என்று போட்டிருக்கும். ஒருவருக்கு 27 கிராம் என்றால் நான்கு பேருக்கு மாதம் மூன்றேகால் கிலோ, அதாவது மூன்றரை லிட்டர். நெய், வெண்ணெய் உட்பட. மளிகைச் சீட்டில் ஐந்து லிட்டர் கேனும் அதற்கு மேல் அரைக்கிலோ நெய்யும் இருந்தால், விருந்தினர் கணக்கைக் கழித்த பிறகும் எங்கே எடை கூடுகிறது என்று புரிந்துவிடும். வாரத்துக்கு உரியதை மட்டும் சிறிய பாட்டிலில் ஊற்றி அடுப்பருகே வைத்து, அதற்குள்ளேயே அந்த வாரத்தை ஓட்டப் பாருங்கள். முதல் வாரம் வியாழக்கிழமையே பாட்டில் காலியாகும். பரவாயில்லை, எங்கே போனது என்று நினைவில் இருக்கும்.

அகலமான வாணலியில் தாளிப்பது

கடுகு வெடிக்க எண்ணெயின் ஆழம் வேண்டும். அகலமான வாணலியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் படர்ந்து காணாமல் போய்விடுகிறது, கடுகு கருகுகிறது, அதனால் மூன்று கரண்டி ஊற்றுகிறோம். அதே தாளிப்பைச் சின்னத் தாளிப்புக் கரண்டியில் செய்தால் ஒரு தேக்கரண்டியே குளம்போல் நின்று கடுகு, உளுந்து, கறிவேப்பிலை எல்லாவற்றையும் பொரித்துக் கொடுத்துவிடும். காயை ஆவியில் வேகவைத்து, தாளிப்பைக் கடைசியில் கொட்டிக் கிளறினால் பொரியலின் மணமும் கூடுதலாக இருக்கும். மணம் எண்ணெயில்தான் ஏறி நிற்கிறது. அது மேலாக இருந்தால் நாக்குக்கு முதலில் படுகிறது.

"எண்ணெய் பிரிந்து வரும் வரை வதக்கவும்" என்ற சமையல் குறிப்பும் இப்படித்தான் நம்மை இழுத்துவிடுகிறது. எண்ணெய் பிரிவது, மசாலாவில் இருந்த தண்ணீர் வற்றிவிட்டது என்பதற்கான அடையாளம். அந்த அடையாளத்தைப் பார்ப்பதற்காகவே தாராளமாக எண்ணெய் ஊற்ற வேண்டியிருக்கிறது. பச்சை வாசனை போய், மசாலா ஓரங்களில் ஒட்டாமல் சுருண்டு வந்தால் அதே பக்குவம்தான். அடிப்பிடித்தால் எண்ணெய்க்குப் பதில் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள்.

எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அரைக்கிலோ பிஞ்சுக் கத்தரிக்காய்க்கு நூறு மில்லி நல்லெண்ணெய் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது மட்டுமே 800 கலோரிக்கு மேல்; நால்வர் பகிர்ந்தாலும் ஆளுக்கு 200. கத்தரிக்காயின் சதை முழுக்கக் காற்றுப் பைகள். பச்சையாக எண்ணெயில் போட்டால் பஞ்சு போல் உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் காணாமல் போனதைப் பார்த்து நாம் மறுபடியும் ஊற்றுவோம். நான்காகக் கீறி, இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவி காட்டிவிட்டால் அந்தக் காற்றுப் பைகள் அமுங்கிவிடுகின்றன. பிறகு மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் பிரட்டினாலே தோல் சுருங்கி, வழக்கமான நிறம் வந்துவிடும். புளியும் மசாலாவும் இறங்கிய மறுநாள் சாப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியாது.

ஒரு எண்ணெயைத் தெய்வமாக்குவது

இங்கே வகைக்கு வருகிறோம். உலக சுகாதார நிறுவனம் நிறைவுற்ற கொழுப்பை, அதாவது மிகுந்தால் ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டும் வகையை, மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் வைக்கச் சொல்கிறது. 2,000 கலோரிக்கு அது சுமார் 22 கிராம். தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்புதான். இரண்டு மேசைக்கரண்டியிலேயே அந்த வரம்பு நிறைந்துவிடுகிறது. நெய்யில் சுமார் 60 சதவீதம். ரேஷன் கடையில் கிடைக்கும் பாமாயிலில் 40 சதவீதத்துக்கு மேல். கடலை எண்ணெயிலும் தவிட்டு எண்ணெயிலும் 20 சதவீதத்தை ஒட்டியும், நல்லெண்ணெயில் 15 சதவீதத்தை ஒட்டியும், சூரியகாந்தி எண்ணெயில் 10 சதவீதத்தை ஒட்டியும் இருக்கிறது.

"தேங்காய் எண்ணெய் கொழுப்பைக் கரைக்கும்" என்ற பேச்சு பரவிக் கிடக்கிறது. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் என்ற, சீக்கிரம் செரித்து எரியும் வகையை மட்டும் பிரித்தெடுத்துத் தயாரித்த எண்ணெயை வைத்துச் செய்த ஆய்வுகளின் முடிவுகளை அப்படியே தேங்காய் எண்ணெய்க்கும் பொருத்திவிட்டார்கள். தேங்காய் எண்ணெயில் பாதியளவு இருப்பது லாரிக் அமிலம். அது உடலில் நடந்துகொள்ளும் விதம் வேறு. சூரியகாந்தி போன்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், தேங்காய் எண்ணெய் எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பைக் கூட்டுவதுதான் தெரிகிறது. அவியலின் மேல் ஒரு தேக்கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெய் விடுவதில் ஒன்றும் கெட்டுப்போகாது. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி குடிப்பதை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன்.

அதற்காகச் சூரியகாந்தி எண்ணெய் ஒன்றையே பிடித்துக்கொள்வதும் சரியல்ல. அதில் உடலுக்குத் தேவையான ஒமேகா 3 என்ற கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. ஒமேகா 6 மிகுதி. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தவிட்டு எண்ணெய் என்று மாற்றி மாற்றி வாங்குவது நம் சமையலுக்கும் பொருந்துகிறது. ஒமேகா 3க்கு வாரம் ஓரிரு முறை மத்தி, அயிலை; சைவர்களுக்கு ஆளி விதைப் பொடி.

பொரிப்பதில் நடப்பவை

எண்ணெய் குறைவாகக் காய்ந்தால் பலகாரம் குறைவாக எண்ணெய் குடிக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். நேர் எதிர். 170 முதல் 190 டிகிரி வரை காய்ந்த எண்ணெயில், உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் எளிதில் உள்ளே நுழையாது. சூடு குறைந்தால் வேக அதிக நேரமாகும், வடை ஊறிவிடும். ஒரே ஈட்டில் பத்து வடையைப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கிவிடும் என்பதால் அதுவும் இதே தவறுதான்.

எண்ணெயில் பெரும்பகுதி ஏறுவது வெளியே எடுத்த பிறகு. வடை ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கிறது. எடுத்தவுடன் கண்கரண்டியிலேயே நன்றாக உதறி, சூடு இருக்கும்போதே சமையலறைத் தாளில் ஒற்றி எடுப்பதுதான் பலன் தரும். செய்தித்தாளில் வைத்து ஒற்றாதீர்கள். அச்சு மையில் உள்ள ரசாயனங்கள் சூட்டோடு உணவில் இறங்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதை எச்சரித்தும் பஜ்ஜிக் கடைகளில் இன்றும் நடக்கிறது.

மிஞ்சிய எண்ணெயைப் புது எண்ணெயோடு கலந்து மறுபடி மறுபடி காய்ச்சுவதால் கலோரி கூடாது. உடலுக்குக் கெடுதல் கூடும். பலமுறை சுட்ட எண்ணெய் சிதைவதால் அதில் சேரும் துருவச் சேர்மங்கள் என்ற பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. வீட்டில் கருவி வேண்டாம். நிறம் கறுத்து, நுரை கட்டி, முன்பைவிடச் சீக்கிரம் புகைய ஆரம்பித்தால் அந்த எண்ணெய் முடிந்தது. தேவையான அளவு மட்டும் சின்ன இருப்புச்சட்டியில் ஊற்றிப் பொரித்து, மிஞ்சியதை வடிகட்டி ஓரிரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள்.

லேபிளை முன்பக்கத்தோடு நிறுத்திவிடுவது

"கொலஸ்ட்ரால் இல்லை" என்று பெரிதாக எழுதியிருப்பது உண்மைதான். எந்தத் தாவர எண்ணெயிலும் உடலைப் பாதிக்கும் அளவுக்குக் கொலஸ்ட்ரால் கிடையாது. வனஸ்பதிக்கும் அது பொருந்தும். பின்பக்கத்தில் நிறைவுற்ற கொழுப்பு எத்தனை கிராம் என்பதைப் பாருங்கள். கடலையின் படம் போட்ட பாக்கெட்டில் "கலப்புத் தாவர எண்ணெய்" என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று தீப எண்ணெயை நல்லெண்ணெய் என எண்ணிச் சமையலுக்கு எடுத்துவிடக் கூடாது. அது உண்ணத் தக்கதல்ல என்று பாட்டிலிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

பேக்கரி பப்ஸ், பிஸ்கட் விஷயத்தில் எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உண்டாகி இதயத்தைக் கெடுக்கும் ட்ரான்ஸ் கொழுப்புக்கு, 2022 ஜனவரி முதல் மொத்தக் கொழுப்பில் 2 சதவீதம் என்ற வரம்பு வந்துவிட்டது. நல்ல மாற்றம். ஆனால் அதன் இடத்தைப் பெரும்பாலும் பாமாயில் சார்ந்த கொழுப்பு பிடித்துக்கொண்டிருப்பதால் கலோரி ஒன்றும் குறையவில்லை.

சமையல் எண்ணெயை மட்டும் எண்ணுவது

குருமாவில் அரைத்து விடும் தேங்காய், மாலையில் கொறிக்கும் வேர்க்கடலை, பாலின் ஆடை ஆகியவையும் கொழுப்பே. ஐம்பது கிராம் துருவல் தேங்காயில் சுமார் 16 கிராம் கொழுப்பும் 175 கலோரியும் உண்டு. தேங்காயோடு நார்ச்சத்தும் வருகிறது, கடலையோடு புரதம் வருகிறது. அவற்றைத் தள்ளச் சொல்லவில்லை. காலையில் தேங்காய்ச் சட்னி என்றால் மதியம் குருமா வேண்டாம், அவ்வளவே. நூறு கிராம் உருளை சிப்ஸில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு என்பதையும் மறக்க வேண்டாம். ஏர் ஃப்ரையர் வாங்கியவர்கள், உறைய வைத்த பிரெஞ்சு ஃப்ரைஸ் ஆலையிலேயே ஒருமுறை எண்ணெயில் பொரிந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணெயே வேண்டாம் என்று நிறுத்துவது, எல்லோருக்கும் நிறுத்துவது

பயந்துபோய் ஒரு சொட்டுகூட ஊற்றாமல் சமைப்பவர்களும் இருக்கிறார்கள். ஏ, டி, இ, கே வைட்டமின்கள் கொழுப்பில் கரைந்தால்தான் குடலில் ஏறும். முருங்கைக் கீரையிலும் கேரட்டிலும் உள்ள கரோட்டினும் அப்படித்தான். ஒரு தேக்கரண்டி எண்ணெய் இல்லாத கீரைப் பொரியலில் பலன் ஓரளவு வீணாகிறது. சுவையும் இல்லாமல் போவதால் பத்து நாளில் அந்தக் கட்டுப்பாடு உடைந்துவிடும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, அப்பாவோ அம்மாவோ எடை குறைக்கிறார்கள் என்பதற்காகக் கைக்குழந்தையின் தட்டிலும் நெய்யை நிறுத்துவது. இரண்டு வயதுக்குள் மூளை வேகமாக வளர்கிறது. சின்ன வயிற்றில் போதிய சக்தி சேரக் கொழுப்பு வேண்டும். மெலிந்துகொண்டே வரும் முதியவர்களுக்கும் கொழுப்பைக் குறைப்பது கெடுதல்தான். இதய நோய், பித்தப்பைக் கல் என்று சிகிச்சையில் இருப்பவர்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவரோ உணவியல் நிபுணரோ சொல்லட்டும். மற்றபடி, பானையில் ஏறும் எண்ணெயை எல்லோருக்கும் பொதுவாகக் குறைத்துச் சமைத்துவிட்டு, குழந்தையின் பருப்புச் சாதத்தில் தட்டிலேயே ஒரு தேக்கரண்டி நெய் விட்டுப் பிசைந்துகொள்ளலாம். பாட்டியின் இட்லிக்கு மிளகாய்ப் பொடியில் நல்லெண்ணெயைக் கொஞ்சம் கூட்டிக் குழைக்கலாம்.