பிஜிஅட்மின் இணைப்புகளை எல்லோருக்கும் பொதுவாக்குவது

புதிதாகச் சேருபவரை போஸ்ட்கிரெஸ் சர்வர் விவரங்களைத் தட்டச்சு செய்ய நான் விடுவதில்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நிர்வகிக்கும் கருவியான பிஜிஅட்மின் 4 என் கணினியில் இருக்கிறது; அதன் டூல்ஸ் மெனுவில் 'இம்போர்ட்/எக்ஸ்போர்ட் சர்வர்ஸ்' வழியாகத் தேவையான இணைப்புகளை மட்டும் ஜேசன் கோப்பாக எடுப்பேன். சர்வர் மோடில், அதாவது பலரும் உலாவி வழியாக நுழையும்படி, ஓடும் பொது பிஜிஅட்மினில் அட்மினாக நுழைந்து, அதே மெனுவில் ஏற்றுவேன். கடவுச்சொற்கள் அந்தக் கோப்பில் வராது, வரவும் கூடாது.

ஏற்றியதும் ஹோஸ்ட் முகவரியைப் பாருங்கள். 'லோக்கல்ஹோஸ்ட்' என்பது உங்கள் மேசையில் உங்கள் கணினி. இங்கே அது கன்சோல், அதாவது பொது பிஜிஅட்மின், ஓடும் இயந்திரம். எஸ்எஸ்எல் சான்றிதழ் கோப்புகளின் பாதையும் அப்படித்தான், பழைய பாதை இங்கே இருக்காது. இனி தரவுத்தளத்தின் கதவைத் தட்டுவது கன்சோலின் ஐபி. அதற்கு, எந்த முகவரியிலிருந்து யார் நுழையலாம் என்று சொல்லும் பிஜி_எச்பிஏ கோப்பில் ஒரு வரி சேர்த்து ரீலோடு செய்யுங்கள். ஃபயர்வாலில் போஸ்ட்கிரெஸின் வழக்கமான போர்ட்டான 5432-ஐயும் திறந்துவிடுங்கள். இணைப்பு கிடைக்கவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

அப்புறம் பொது பிஜிஅட்மினில் அந்த சர்வரின் ப்ராப்பர்டீஸில் 'ஷேர்டு' என்பதை இயக்குங்கள். அட்மினால் மட்டுமே முடியும். மற்றவர்கள் ஹோஸ்ட், போர்ட்டை மாற்ற முடியாது. பயனர்பெயரைத் தங்களுடையதாக வைத்துக்கொள்ளலாம். அதனால் ஒவ்வொருவருக்கும் தனி ரோல் (தரவுத்தளப் பயனர் கணக்கு) கொடுங்கள். எல்லோரும் 'போஸ்ட்கிரெஸ்' என்ற ஒரே பெயரில் நுழைந்தால், அட்டவணையை அழித்தது யார் என்று லாக்கில் கண்டுபிடிக்கவே முடியாது.