ஓய்வுக்குப் பிறகு உளவு நாவலா? இந்தத் தப்புகளைச் செய்யாதீர்கள்

போன வருடம், ராணுவ உளவுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தான் எழுதிய நாவலைக் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னார். முதல் பக்கத்திலேயே பதினொரு சுருக்கப் பெயர்கள், எண்ணிப் பார்த்தேன். எந்தப் பிரிவு எதற்குக் கீழே, யார் யாருக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்று அடுத்த மூன்று பக்கம். நாலாவது பக்கத்திலும் கதை கிளம்பவில்லை. ஆனால் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி அவர் சொன்னது இது: "உள்ளே இருந்தவனுக்கு மட்டும்தான் தெரியும், அந்த மாதிரி விஷயமெல்லாம் இதில் இருக்கு."

முதல் தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. ரகசியம்தான் தன்னிடம் இருக்கும் சரக்கு என்று நினைத்துக்கொள்வது.

ஜேம்ஸ் பாண்டை உருவாக்கிய இயான் ஃபிளெமிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1939இல் பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவில் சேர்ந்து, அதன் தலைவர் ஜான் காட்ஃப்ரேக்கு நேர்முக உதவியாளராக இருந்தவர். ஜெர்மானியர்களின் எனிக்மா என்ற இயந்திரத்தின் சங்கேதத்தை உடைக்கும் வேலை நடப்பது அவருக்குத் தெரியும். தெரியும் என்பது மட்டுமில்லை, 1940இல் அதற்காக அவரே ஒரு திட்டம் போட்டார்: கைப்பற்றிய ஜெர்மன் விமானம் ஒன்றை ஆங்கிலக் கால்வாயில் வேண்டுமென்றே விழவைப்பது, காப்பாற்ற வரும் ஜெர்மன் படகைப் பிடித்து அதிலுள்ள சங்கேதப் புத்தகங்களை எடுத்துக்கொள்வது. கேட்டாலே சினிமா மாதிரி இருக்கிறதா? நடக்கவேயில்லை, கைவிட்டுவிட்டார்கள். இப்போது கவனியுங்கள், எனிக்மா கதை பிரிட்டனில் பொதுவெளிக்கு வந்தது 1974இல். ஃபிளெமிங் 1964இலேயே இறந்துவிட்டார். 1953இல் முதல் ஜேம்ஸ் பாண்ட் நாவல் வந்ததிலிருந்து வருடத்துக்கு ஒன்று என்று எழுதித் தள்ளிய மனிதர், இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் 1957இல் வந்த நாவலில், பிரிட்டிஷார் எப்படியாவது கைப்பற்றத் துடிக்கும் ஒரு ரஷ்ய சங்கேத இயந்திரம் வருகிறது. ஒரு பெட்டிக்காக மனிதர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதை அலுவலகத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தவர், அந்தத் துடிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியை மாற்றிவிட்டார்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. முதல் உலகப் போரில் ஏதென்ஸில் பிரிட்டனுக்காக உளவு வேலை பார்த்த எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி, 1932இல் தன் அனுபவங்களைப் புத்தகமாகப் போட்டார். அதில் உளவு அமைப்பின் பழைய தலைவர் யார் என்று சொல்லிவிட்டார். அந்தத் தலைவர் இறந்தே ஒன்பது வருடம் ஆகியிருந்தது. இருந்தும் புத்தகம் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது, வழக்கு நடந்தது, 100 பவுண்ட் அபராதம், செலவுக்கு இன்னொரு 100 பவுண்ட். கடுப்பான மனிதர் அடுத்த வருடமே, 1933இல், உளவுத் துறையையே கோமாளித்தனமாகக் காட்டும் ஒரு நாவலை எழுதினார். உண்மையை எழுதியதற்குத் தண்டம் கட்டியவர் கிண்டலை எழுதித் தப்பித்துக்கொண்டார்.

இந்தியாவில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. "நாவல்தானே, எல்லாம் கற்பனை" என்று முதல் பக்கத்தில் ஒரு வரி போட்டுவிட்டால் போதும் என்று நம்பாதீர்கள். 1923ஆம் வருடத்து அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதற்கு மேல், 2021இல் மத்திய அரசுப் பணியாளர்களின் ஓய்வூதிய விதியைத் திருத்தினார்கள். பட்டியலில் உள்ள உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் அந்தத் துறை சார்ந்த எதையும் அந்த அமைப்பின் தலைவரின் முன் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது, மீறினால் ஓய்வூதியத்திலேயே கை வைக்கலாம். ராணுவத்தின் ஓய்வூதிய விதிகள் தனி. உங்களுக்கு எது பொருந்தும் என்று எழுதி முடித்த பிறகு கேட்காமல், எழுத உட்காரும் முன்பே எழுத்துமூலம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பாளர் இதையெல்லாம் பார்த்துக்கொள்வார் என்று நினைக்க வேண்டாம், ஓய்வூதியம் அவருடையது இல்லை.

அடுத்தது ஆயுத கர்வம். ராணுவத்தில் இருந்ததால் துப்பாக்கி விஷயத்தில் தப்பு வராது என்ற நம்பிக்கை. பாண்டின் கையில் ஃபிளெமிங் முதலில் கொடுத்தது ஒரு சின்ன பெரெட்டா. 1956இல் கிளாஸ்கோவிலிருந்து பூத்ராய்ட் என்ற வாசகர் கடிதம் போட்டார், இது பெண்கள் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி, உங்கள் ஆளுக்குச் சரிப்படாது என்று. ஃபிளெமிங் கோபப்படவில்லை. யோசனை கேட்டு எழுதினார், 1958இல் வந்த நாவலில் வால்தர் பிபிகே என்ற பிஸ்டல் வந்தது, அதைக் கொடுக்கும் ஆயுத நிபுணருக்கு மேஜர் பூத்ராய்ட் என்றே பெயரும் வைத்தார். அப்படியும் ஒரு சறுக்கல். பூத்ராய்ட் சொன்ன உறை ரிவால்வருக்கானது. ஃபிளெமிங் அதை வால்தருக்கு மாட்டிவிட்டார். வால்தர் ரிவால்வரே இல்லை. கடற்படையில் கமாண்டராக இருந்தவருக்கே இந்தக் கதி. தெரிந்தவரிடம் கேளுங்கள், கேட்டதை ஒழுங்காகக் குறித்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கப் பெயர்கள், துறைக்குள் புழங்கும் சொற்கள் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. வெட்டுங்கள். உளவு நாவல்களுக்குப் பேர்போன ஜான் லெ காரே இளமையில் ராணுவ உளவுப் படையின் ஆளாக ஆஸ்திரியாவில் இருந்தவர், அப்புறம் பிரிட்டனின் இரண்டு உளவு அமைப்புகளிலும் வேலை பார்த்தவர். அவருக்குத் தெரியாத துறைச் சொல்லா? இருந்தும் தலைமையகத்துக்கு "சர்க்கஸ்", பின்தொடர்ந்து வேவு பார்க்கிறவர்களுக்கு "விளக்கேற்றுபவர்கள்" என்று தானே பெயர் வைத்தார். அதைத்தான் வாசகர்கள் அசல் என்று நம்பினார்கள். அவரை உலகப் புகழாக்கிய 1963 நாவலை மேலதிகாரிகள் தடுக்காமல் விட்டதற்குக் காரணமே, அதில் எதுவும் நிஜமில்லை என்பதுதான் என்று பின்னாளில் அவரே சொன்னார். வெளியே படித்தவர்களோ உள்ளே நடப்பதை ஒருவர் அப்படியே சொல்லிவிட்டார் என்று நினைத்தார்கள்.

அப்புறம், நாயகன் நீங்களேதான் என்று ஆகிவிடுவது. இது கொஞ்சம் வலிக்கும். 1941இல் போர்ச்சுகலில் எஸ்டோரில் சூதாட்ட விடுதியில் ஃபிளெமிங் சீட்டாடினார், எதிரே இருப்பவர்கள் ஜெர்மன்காரர்கள், காசைப் பிடுங்கிவிடலாம் என்று கற்பனை செய்துகொண்டு. பிடுங்கப்பட்டது அவர் காசுதான். எதிரே இருந்தவர்கள் உள்ளூர் வியாபாரிகளாம். முதல் நாவலில் அதே மாதிரி ஒரு மேசையில் பாண்ட் ஜெயிக்கிறார். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த ஃபிளெமிங், களத்தில் தான் செய்யாததை இன்னொருவனைச் செய்யவைத்தார். நம் ஆட்கள் தலைகீழாக, செய்ததையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். அது நாவல் இல்லை, பதவி உயர்வுக்கான விண்ணப்பம்.

கடைசியாக, சலிப்பை ஒளிப்பது. எழுத்தாளர் சாமர்செட் மாம் முதல் உலகப் போரில் ஜெனீவாவில் உளவாளியாக இருந்தவர், 1928இல் அதைக் கதைகளாக்கினார். உளவு வேலையில் பெரும்பகுதி சலிப்பூட்டும் வேலைதான் என்று அவரே முன்னுரையில் ஒத்துக்கொண்டார். ஆனால் அந்தச் சலிப்பைத் தூக்கி எறியவில்லை. அவருடைய உளவாளி தகவல் அனுப்பிவிட்டு, அதனால் என்ன ஆனது என்று தெரியாமலே அடுத்த வேலைக்குப் போகிறான்.

அந்த அதிகாரியின் பிரதியில் 140ஆம் பக்கத்தில் ஒரு இடம் இருந்தது. எல்லையோரச் சிற்றூரில் ஒரு டீக்கடை, தகவல் கொண்டுவர வேண்டியவன் வரவில்லை, மூன்று டீ ஆகிவிட்டது, நாலாவது கேட்டால் கடைக்காரர் சந்தேகப்படுவாரோ என்று நாயகன் யோசிக்கிறான், மழை வேறு. முழுப் பிரதியிலும் நான் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தது அந்த ஒன்றரைப் பக்கம்தான். கதையை இங்கே ஆரம்பியுங்கள் என்று சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"அதில் ஒண்ணுமே நடக்கலையே தம்பி" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அவன் கடைசி வரைக்கும் வரவே இல்லை, ஏன்னு இன்னும் எனக்குத் தெரியாது" என்றார்.