ஜெர்மனியில் வேலை: போனவர்கள் சறுக்கும் இடங்கள்

வெளிநாட்டில் நாலு வருஷம் வேலை பார்த்தால் ஆள் பக்குவப்பட்டுவிடுவான் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. பாதி உண்மைதான். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஜெர்மனிக்கு வந்து, சில வருஷம் கழித்துப் பார்த்தால் பேச்சு, நிதானம், துணிச்சல் எல்லாவற்றிலும் வேறு ஆளாக நிற்பவர்களை எனக்குத் தெரியும். அதே ஊரில், அதே சம்பளத்தில், வந்த அன்றைக்கு இருந்தபடியே இருப்பவர்களையும் தெரியும். படிப்பிலும் திறமையிலும் இந்த இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. சங்கடமான இடங்களைச் சுற்றிக்கொண்டு போனவர் யார், உள்ளே இறங்கிப் பார்த்தவர் யார் என்பதுதான் விஷயம். முனிக், ஸ்டுட்கார்ட், பெர்லின் பக்கம் ஐடி, கார்த் தொழில் வேலைகளுக்கு வருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

மொழியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

பெரிய தவறு இதுதான். நர்ஸ் வேலைக்கு வருகிறவர்கள் இதிலிருந்து தப்பித்துவிடுகிறார்கள். ஜெர்மன் தேர்வு எழுதித் தேறாமல் அவர்களுக்கு வேலையே நடக்காது. மாட்டிக்கொள்வது ஐடிக்காரர்கள். ஆபீஸில் ஆங்கிலம், வீட்டில் தமிழ், சூப்பர் மார்க்கெட்டில் கார்டைத் தட்டினால் வேலை முடிந்தது. ஒரு வார்த்தை ஜெர்மன் இல்லாமல் வருஷக் கணக்கில் ஓட்டலாம். ஆனால் டாக்டர் கிளினிக்கின் ரிசப்ஷன், குழந்தையின் கிண்டர்கார்டன், வாடகை ஒப்பந்தம், கீழ்த்தளத்துப் பாட்டி என்று வாழ்க்கை நடக்கிற இடமெல்லாம் ஜெர்மனில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்தே பழகினால், ஆபீஸில் ஒரு டீமையே நடத்துகிற ஆள் ஆபீஸுக்கு வெளியே சின்னப் பிள்ளை மாதிரி அடுத்தவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாகிவிடும்.

சனிக்கிழமை காலை பேக்கரி வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பன் வேண்டும் என்பதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போவீர்கள். சொல்லியும் விடுவீர்கள். வேறு ஏதாவது வேண்டுமா, பையில் போடவா என்று அந்த அம்மா வேகமாக ஒரு கேள்வி திருப்பிக் கேட்பார். அங்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். பின்னால் ஐந்து பேர் நிற்பார்கள். அவர் ஆங்கிலத்துக்கு மாறுவார், நீங்களும் நிம்மதியாக மாறிவிடுவீர்கள். மாறாதீர்கள். "மெதுவாகச் சொல்லுங்கள், நான் ஜெர்மன் கற்றுக்கொண்டிருக்கிறேன்" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் ஜெர்மனில் நன்றாகப் பழகிக்கொண்டு போங்கள். அதைச் சொன்ன பிறகு கோபப்பட்டவரை நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் முகம் மலர்ந்து, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொல்வார்கள். பத்துப் பேர் முன்னால் தப்பும் தவறுமாகப் பேசிவிட்டு வெட்கப்படாமல் வீட்டுக்கு வருவதற்கு ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் பிறகு வேறு பல இடங்களிலும் கைகொடுக்கிறது.

சட்டமும் இதற்குப் பரிசு வைத்திருக்கிறது. படித்த வேலைக்காரர்களுக்கான புளூ கார்டு என்ற வசிப்பு அனுமதியில் வந்தவருக்கு ஏ1 அளவு, அதாவது ஆரம்பப் படி ஜெர்மன் இருந்தால் 27 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை கிடைக்கும்; சொந்தமாகப் பேசிச் சமாளிக்கிற பி1 அளவு இருந்தால் 21 மாதம் போதும். வேலை போனால் விசா என்னாகும் என்ற கவலையை அரை வருஷம் முன்னதாகவே இறக்கி வைக்கலாம் என்றால், வாரத்துக்கு இரண்டு மாலை வகுப்பு என்பது அதிக விலை இல்லை.

1980களில் அகதிகளாக இங்கே வந்த ஈழத் தமிழர்களை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களை வரவேற்க கம்பெனியும் இல்லை, ரீலொகேஷன் ஏஜென்ட்டும் இல்லை. ரெஸ்டாரண்ட் சமையலறையில் பாத்திரம் கழுவியபடியே மொழியைப் பிடித்தவர்கள் அதில் நிறையப் பேர். 2002இல் ஹம் நகரின் தொழிற்பேட்டைப் பகுதியில் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இன்றைக்குத் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஜனம் வருகிறது. ஜெர்மனியில் ஒரு கோபுரம் எழுப்ப நகராட்சியோடு எத்தனை பேச்சு, எத்தனை விண்ணப்பம் தேவைப்பட்டிருக்கும்! ஜெர்மன் கஷ்டம் என்று என்னிடம் சொல்கிறவர்களை ஒருமுறை அந்தக் கோயிலுக்குப் போய், அங்கே இருக்கும் பெரியவர்களோடு பேசிப் பார்க்கச் சொல்வேன்.

மீட்டிங்கில் தலையாட்டிவிட்டு வருவது

"வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்று மேனேஜர் கேட்கிறார். முடியாது என்று உங்களுக்குத் தெரியும். "டிரை பண்றேன்" என்கிறீர்கள். நம் ஊரில் அந்தக் குரலிலேயே விஷயம் புரிந்துவிடும். கேட்டவர் திங்கட்கிழமைக்கு மனதைத் தயார் செய்துகொள்வார். ஜெர்மன் மேனேஜர் அதை முடியும் என்று எழுதிக்கொள்கிறார், வாடிக்கையாளருக்கும் சொல்லிவிடுகிறார். வெள்ளிக்கிழமை மாலை அவருக்கு வருகிற கோபம் வேலை முடியாததற்கு இல்லை. செவ்வாய்க்கிழமையே தெரிந்த விஷயத்தை ஏன் சொல்லவில்லை என்பதற்குத்தான்.

"அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வரை வேண்டும், காரணம் இது" என்று முகத்துக்கு நேரே சொல்லப் பழகுவது முதல் சில தடவை வயிற்றைக் கலக்கும். பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசாதே என்று வளர்ந்தவர்களுக்கு இது சுலபமில்லை. சொல்லிப் பாருங்கள், ஒன்றும் ஆகாது. "சரி, நல்லது" என்று தேதியை மாற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அதே மாதிரி, நீங்கள் எழுதிய கோடில் இது தப்பு, அது தப்பு என்று பத்துப் பேர் நடுவில் ஒருவர் சொன்னால் அது உங்கள் மேல் உள்ள பகை கிடையாது. மீட்டிங் முடிந்ததும் அவரே காபிக்குக் கூப்பிடுவார். வேலையைக் குறை சொன்னால் நம்மையே குறை சொன்னதாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. இந்த நாடு தரக்கூடிய பாடங்களில், அந்தப் பழக்கம் கழல்வதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, ராத்திரி வரை உட்கார்ந்து நல்ல பெயர் வாங்கப் பார்ப்பது. ஆறு மாதம் புரொபேஷன், அந்தக் காலத்தில் இரண்டு வார நோட்டீஸில் வேலையை விட்டு அனுப்பலாம் என்பதால் பயந்துபோய் இப்படிச் செய்கிறார்கள். இங்கே சட்டப்படி ஒரு நாள் வேலை 8 மணி நேரம், மிஞ்சினால் 10. ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவே 11 மணி நேர ஓய்வு கட்டாயம். இரவு பதினொரு மணிக்கு மெயில் போட்டால், இவருக்கு வேலையைத் திட்டமிடத் தெரியவில்லை என்றுதான் நினைப்பார்கள். லீவும் அப்படியே. வாரத்தில் ஐந்து நாள் வேலை என்றால் வருஷத்துக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்தோடு விடுமுறை சட்டத்தில் இருக்கிறது, பல கம்பெனிகள் 30 நாள் வரை தருகின்றன. அத்தனையையும் டிசம்பர் ஊர்ப் பயணத்துக்கென்று சேர்த்து வைத்துவிட்டு, கோடையில் ஒரு வாரம்கூட எடுக்காமல் வதங்கிப் போகிறவர்கள் அதிகம்.

தமிழ் வட்டத்துக்குள்ளேயே இருந்துவிடுவது

தமிழ்ச் சங்கம் வேண்டும். பொங்கலன்று பக்கத்தில் நாலு குடும்பம் இல்லாவிட்டால் மனசு தாங்காது. ஆனால் ஒவ்வொரு சனி, ஞாயிறும் அதே நாலு வீட்டில் பிரியாணி, அதே விசா பேச்சு, அதே ஃபிளாட் விலைப் பேச்சு என்று போனால், பெரம்பூரில் இருந்துகொண்டே இதைச் செய்திருக்கலாம். ஜெர்மானியர்கள் சட்டென்று ஒட்டமாட்டார்கள் என்பது உண்மை. வேலை முடிந்ததும் கலைந்துவிடுவார்கள். அவர்களைப் பிடிக்க வேண்டிய இடம் சங்கங்கள். பேட்மின்டன், கோரஸ் பாட்டு, மலையேற்றம், தேனீ வளர்ப்பு என்று எதற்கும் ஒரு சங்கம். பதிவு செய்தவை மட்டும் 6 லட்சத்துக்கும் மேல். ஒரு பேட்மின்டன் கிளப்பில் சேர்ந்து வாரா வாரம் போங்கள். முதல் சில மாதம் யாரும் பெரிதாகப் பேசமாட்டார்கள். பிறகு ஒருநாள், வீடு மாறுகிறேன், சோபாவைத் தூக்க ஒரு கை கொடுக்கிறாயா என்று யாராவது கேட்பார்கள். கேட்டுவிட்டால் நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

தபாலைத் திறக்காமல் வைப்பது

சின்ன விஷயம்தான், ஆனால் பணம் போகும். அரசாங்கம், இன்ஷூரன்ஸ், வரி ஆபீஸ் எல்லாம் பெரும்பாலும் காகிதக் கடிதம்தான் அனுப்புவார்கள். வானொலி, டிவிக் கட்டணம் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இல்லையென்றாலும் கட்ட வேண்டும், விளம்பரம் என்று நினைத்து அந்தக் கடிதத்தைக் குப்பையில் போட்டால் அபராதத்தோடு திரும்பி வரும். மஞ்சள் கவர் ஒன்றின் மேல் கடிதம் வந்த தேதியைத் தபால்காரர் எழுதிப் போட்டிருந்தால் அன்றே திறந்துவிடுங்கள், அந்தத் தேதியிலிருந்துதான் கெடு ஓடுகிறது. அப்புறம், இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறியதிலிருந்து ஆறு மாதம் வரைதான் செல்லும்.

கூட வந்தவரை மறந்துவிடுவது

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கணவருக்கு வேலை, மனைவி கூட வருகிறார் (சில வீடுகளில் மாற்றியும் நடக்கிறது). ஊரில் வங்கியிலோ கல்லூரியிலோ நல்ல வேலையில் இருந்தவர். புளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு வந்த நாளிலிருந்தே வேலை செய்யும் உரிமை உண்டு. வருவதற்கு முன் ஜெர்மன் தேர்வு எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. இந்தச் சலுகையே சில வீடுகளில் பாதகமாகிவிடுகிறது. தேர்வு இல்லாததால் மொழி படிக்காமல் வந்துவிடுகிறார். மொழி இல்லாததால் வேலை கிடைப்பதில்லை. டிசம்பரில் பெர்லினில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஒருவர் ஆபீஸில் நாலு பேரோடு பழகி வளர்ந்துகொண்டே போக, இன்னொருவர் அந்த இருட்டுக்குள் ஒரு ஃபிளாட்டில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் பேச்சே குறைந்துவிடுகிறது. வந்த முதல் மாதத்திலேயே மொழி வகுப்பில் முதலில் சேர வேண்டியவர் இவர்தான். சம்பாதிக்கிறவரின் வகுப்பு இரண்டாவதாக இருக்கட்டும். பட்டச் சான்றிதழ்களை இங்கே அங்கீகரிக்க விண்ணப்பிப்பதையும் அப்போதே தொடங்கிவிடுங்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

"எப்படியும் இரண்டு வருஷத்தில் திரும்பிவிடப் போகிறோம், எதற்கு இதெல்லாம்" என்று சிலர் கேட்பார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டே பத்து வருஷம் ஆனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நல்ல மேஜைகூட வாங்கியிருக்கமாட்டார்கள். திரும்பும் தேதி உறுதியாக இருந்தால் அதைக் காலண்டரில் எழுதுங்கள். உறுதியில்லை என்றால், இருக்கப்போகிறவர்களாகவே வாழுங்கள்.

ஊர் தோறும் நகராட்சி ஆதரவில் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற மக்கள் கல்விக்கூடம் இருக்கும், ஜெர்மன் வகுப்புக்கு அங்கே போகலாம். தனியார் வகுப்பைவிடக் கட்டணம் பெரும்பாலும் குறைவு. பருவங்கள் பொதுவாகப் பிப்ரவரி, மார்ச் வாக்கிலும் செப்டம்பரிலும் தொடங்குகின்றன. மாலை வகுப்புகள்தான் முதலில் நிரம்பும். பதிவு திறக்கும் தேதியை அவர்கள் இணையதளத்தில் பார்த்து வைத்துக்கொண்டு அன்றைக்கே உங்களுக்கும் துணைக்குமாக இரண்டு இடம் போட்டுவிடுங்கள்.