ரேடியோ காட்டிய திசை: ஜி.பி.எஸ்.ஸுக்கு முந்தைய வழிகாட்டலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அரை நாள் பஸ்ஸில் போக வேண்டும். ஆனால் ஜி.பி.எஸ். வருவதற்கு முன் கப்பல்காரர்களும் விமானிகளும் ரேடியோவை வைத்து எப்படி வழி கண்டுபிடித்தார்கள் என்பதை இங்கிருந்தே செய்து பார்க்கலாம். ஒரு பழைய டிரான்சிஸ்டர், ஒரு காம்பஸ், ஒரு தென்னிந்திய வரைபடம், ஒரு கோணமானி போதும். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகப் பிள்ளைகளை இதைச் செய்ய வைத்து வருகிறேன். அவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் நடுக்கடலிலும் நடுவானிலும் நடந்தவை. அங்கே அதற்கு உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது.

காலை பதினொரு மணிவாக்கில் மீடியம் வேவில் 720 கிலோஹெர்ட்ஸுக்கு முள்ளைக் கொண்டுபோனால் சென்னை நிலையம் வரும். டிரான்சிஸ்டருக்குள் நீளவாக்கில் கறுப்பாக ஒரு ஃபெரைட் தண்டு, அதன் மேல் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். மீடியம் வேவுக்கு அதுதான் ஏரியல்; மேலே இழுத்து விடுகிற நீளக் கம்பிக்கு இதில் வேலையில்லை. பெட்டியை மேசையில் நிறுத்தி, மெதுவாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் குரல் அமுங்கி இரைச்சல் மேலே வரும். அந்த நிலையில் தண்டின் முனை சென்னையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தத் திசையைக் காம்பஸில் அளந்து, வரைபடத்தில் சென்னை வழியாக அதே திசையில் ஒரு கோடு போட்டால், நாம் அந்தக் கோட்டில்தான் எங்கோ இருக்கிறோம்.

முதல் தவறு இங்கேயே வந்துவிடும். “சார், இப்படி வைத்தால்தான் நல்லா கேட்குது” என்று பிள்ளைகள் சத்தம் அதிகமான திசையைக் குறித்துக்கொள்வார்கள். சத்தம் உச்சத்தில் இருக்கும் நிலையிலிருந்து பெட்டியை 10 பாகை திருப்பினால் அலையின் வலு ஒன்றரை சதவீதம்தான் குறையும். காது அதைக் கண்டுபிடிக்காது. போதாததற்கு, ஒலியைத் தானே சமன்படுத்தும் ஒரு மின்சுற்றும் பெட்டிக்குள் இருக்கிறது. ஆனால் சத்தம் அடங்கிய நிலையிலிருந்து அதே 10 பாகை திருப்பினால் உச்ச வலுவில் 17 சதவீதம் திரும்பி வந்துவிடும். அதனால்தான் கப்பலில் வளைய ஏரியலைத் திருப்பியவர்கள் எல்லோரும் மௌனத்தைத் தேடினார்கள். 1937 ஜூலை 2 அன்று பசிபிக் கடலில் ஹௌலண்ட் தீவைத் தேடிய அமெரிக்க விமானி அமீலியா ஏர்ஹார்ட், இட்டாஸ்கா கப்பலின் சமிக்ஞை கேட்கிறது, ஆனால் அந்த மௌனப் புள்ளி கிடைக்கவில்லை என்றுதான் தெரிவித்தார். அவர் கேட்டு வாங்கியது 7500 கிலோஹெர்ட்ஸ். அவருடைய திசைகாட்டிக் கருவிக்கு அது மிக அதிகமான அலைவரிசை. குரல் கேட்டது, திசை கிடைக்கவில்லை.

இரண்டாவது தவறுதான் என்னை அதிகம் கலங்க வைப்பது. தண்டின் முனை நிலையத்தைப் பார்க்கிறது, சரி. எந்த முனை? இரண்டு முனைகளுக்கும் மௌனம் ஒன்றுதான். ரேடியோ ஒரு கோட்டைத் தருகிறது. அந்தக் கோட்டில் நிலையம் நமக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று அது சொல்வதில்லை. 1943 ஏப்ரல் 4 அன்று ‘லேடி பி குட்’ என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கம் போய்விட்டு, இருட்டில் லிபியாவிலிருந்த தன் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்பது பேர். அவர்களுக்கு அதுதான் முதல் போர்ப் பயணம். தரையிலிருந்த நிலையத்திடம் திசை கேட்டார்கள், பதில் வந்தது. விமானம் இன்னும் கடல்மேல் இருப்பதாக எண்ணித்தான் தரையிலிருந்து அந்தப் பதிலைச் சொன்னார்கள் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். உண்மையில் விமானம் தளத்தைத் தாண்டி சகாராவின் மேல் போய்க்கொண்டிருந்தது. கோடு ஒன்றுதான், கடல் பக்கத்துக்கும் பாலைவனப் பக்கத்துக்கும் அதே எண். எரிபொருள் தீர்ந்ததும் கீழே இருப்பது மணல் என்று தெரியாமலே பாராசூட்டில் குதித்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 700 கிலோமீட்டர் உள்ளே, பெரிய அளவில் சிதையாமல் கிடந்த விமானத்தை 1958-ல் எண்ணெய் தேடிப் போனவர்கள்தான் பார்த்தார்கள்.

இதற்கு மருந்து அப்போதே இருந்தது. வளையத்தோடு செங்குத்தாக ஒரு கம்பியையும் சேர்த்தால், இரண்டு மௌனங்களில் ஒன்று மறைந்து, இதய வடிவில் ஒரு பக்கம் மட்டும் அடங்கும். அதுவும் கையில் இல்லையென்றால் இன்னொரு நிலையத்தின் கோட்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒற்றைக் கோட்டை வைத்துக்கொண்டு முடிவெடுக்கவே கூடாது என்று பிள்ளைகளிடம் அடித்துச் சொல்வேன்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. 1923 செப்டம்பர் 8 இரவு, அமெரிக்கப் போர்க்கப்பல்கள் 14 கலிஃபோர்னியக் கரையை ஒட்டித் தெற்கே போய்க்கொண்டிருந்தன. கரையில் இருந்த திசை நிலையம், நீங்கள் இன்னும் எனக்கு வடக்கில்தான் இருக்கிறீர்கள் என்று பொருள்படும் எண்ணைத் தந்தது. தலைமைக் கப்பலில் அதை ஏற்கவில்லை. வேகத்தையும் நேரத்தையும் பெருக்கிப் போட்ட கணக்கில் அந்த நிலையத்தைத் தாண்டிவிட்டதாக வந்ததால், நிலையம் எதிர்த்திசையைச் சொல்லிவிட்டது என்று நினைத்தார்கள். இரவு ஒன்பது மணிக்குக் கிழக்கே திரும்பினார்கள். ஹோண்டா முனையின் பாறைகளில் ஏழு கப்பல்கள் அழிந்து 23 பேர் இறந்தனர். முன்னும் பின்னும் குழம்பும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவே, பிடிக்காத பதிலைத் தள்ளிவிட வசதியாகிப் போனது. எண் நம் கணக்கோடு ஒத்துவராதபோது வேகத்தைக் குறைத்து, நின்று, மறுபடி கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது நேரம். சாயங்காலம் டியூஷன் முடிந்து ஏழு மணிக்குமேல் அளக்க உட்காருகிற பிள்ளைகள் ‘ரேடியோ கெட்டுப்போச்சு’ என்று வந்து நிற்பார்கள். ரேடியோ நன்றாகத்தான் இருக்கிறது. பகலில் அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு மீடியம் வேவை விழுங்கிவிடுவதால், தரையோடு வரும் அலை மட்டுமே நம்மை எட்டுகிறது. பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைய, மேல் அடுக்கில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்துகொள்ளும். அது முறுக்கிக்கொண்டு மேலிருந்து வருவதால் மௌனம் மங்கும், நகரும், சில நேரம் இல்லாமலே போகும். கப்பல்காரர்கள் விடியலையும் அந்தியையும் ஒட்டி எடுத்த அளவுகளை மிகுந்த சந்தேகத்தோடு பார்த்தார்கள். 1919-ல் ஃபிராங்க் அட்காக் காப்புரிமை பெற்ற நான்கு செங்குத்துக் கம்ப ஏரியல் இந்த இரவுக் கோளாறை வெகுவாகக் குறைத்தது. டிரான்சிஸ்டர் வைத்திருப்பவர்கள் பகலில் அளந்தால் போதும்.

இடமும் முக்கியம். இரும்பு பீரோ பக்கத்திலும் மின்கம்பிக்கு அடியிலும் அளக்காதீர்கள். காய்ந்த ஏரிக்கரையோ களத்துமேடோ நல்லது. கப்பலின் இரும்பு உடலும் அலையை வளைக்கும் என்பதால், கப்பலை ஒரு முழு வட்டம் சுற்றவைத்து, ஒவ்வொரு திசைக்கும் எவ்வளவு பிழை வருகிறது என்று பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள். அலை கரையைச் சாய்வாகக் கடந்தாலும் வளையும். அப்புறம், சித்திரை வைகாசியில் மாந்தோப்புகளின் மேல் இடி இறங்கும் நேரம் வேண்டவே வேண்டாம். மின்னலும் ஒரு ரேடியோ நிலையம் மாதிரிதான். விமானங்களில் தானாகத் திசை காட்டும் முள், நிலையத்தை விட்டுவிட்டு இடிமேகத்தைக் காட்டியது உண்டு.

பின்னால் வந்த முறைகளில் தவறுகள் வேறு வகை. டெக்கா, ஒமேகா போன்றவற்றில் வெவ்வேறு நிலையங்களின் அலைகளை ஒப்பிட்டு, ஒரு ‘பாதை’க்குள் நாம் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிப்பார்கள். எத்தனையாவது பாதை என்பதைப் புறப்பட்ட இடத்திலிருந்தே எண்ணிக்கொண்டு வர வேண்டும். நெடுஞ்சாலையில் இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் இருக்கும் இல்லையா? தூங்கி விழித்து அந்தச் சின்னக் கல்லை மட்டும் பார்த்தால் 400 மீட்டர் தாண்டியது தெரியும், எந்தக் கிலோமீட்டர் என்று தெரியாது. உலகம் முழுவதற்கும் எட்டே நிலையங்களை வைத்திருந்த ஒமேகாவில் ஒரு பாதை நெருக்கமான இடத்திலேயே சுமார் 15 கிலோமீட்டர். எண்ணிக்கை ஒன்று தவறினாலும் கருவி நம்பிக்கையோடு தப்பான இடத்தைக் காட்டும். 1997 செப்டம்பர் 30-ல் அது மூடப்பட்டது.

நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று காட்டும் விமானங்களின் டி.எம்.இ. கருவி இன்றும் வேலை செய்கிறது. அது காட்டுவது தரைவழித் தூரம் இல்லை, சாய்வுத் தூரம். நிலையத்துக்கு நேர் மேலே 12,000 அடியில் பறந்தால் சுழியத்துக்குப் பதிலாக ஏறக்குறைய 2 கடல் மைல் காட்டும்.

சரி, நம் வரைபடத்துக்கு வருவோம். எந்த இரண்டு நிலையங்களைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் பலர் தவறிவிடுவார்கள். கோடுகள் குறுகிய கோணத்தில் வெட்டினால் சிறு பிழையும் வெட்டும் புள்ளியை வெகுதூரம் இழுத்துவிடும். கிருஷ்ணகிரிக்கு ஓர் அதிர்ஷ்டம்: சென்னையும் திருச்சியும் இங்கிருந்து ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்கின்றன. சென்னை 720, திருச்சி 936. அப்படியும் சென்னைக் கோட்டில் 5 பாகை பிசகினால், 230 கிலோமீட்டர் தூரத்துக்கு 20 கிலோமீட்டர் தள்ளிப்போகும். தெற்கே தள்ளினால் காவேரிப்பட்டணத்தையும் தாண்டிவிடும்.

அதனால் பெங்களூரு 612-ஐ மூன்றாவது கோடாகப் போடுகிறோம். மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்காது, ஒரு சின்ன முக்கோணம் விழும். உடனே அதன் நடுவில் புள்ளி வைத்து ‘இங்கேதான் இருக்கிறோம்’ என்று எழுதுவதுதான் கடைசித் தவறு. ஒவ்வொரு கோடும் இடப்பக்கமோ வலப்பக்கமோ சம வாய்ப்போடு பிசகினால், நாம் அந்த முக்கோணத்துக்குள் இருக்க வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். போன முறை எங்கள் முக்கோணத்துக்குள் கே.ஆர்.பி. அணை விழுந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த பழையபேட்டை வெளியே இருந்தது. பிள்ளைகள் வரைபடத்தை அப்படியே கண்காட்சியில் மாட்டி, பழையபேட்டை மேல் சிவப்பில் ஒரு வட்டம் போட்டு வைத்தார்கள்.